பெயரை மாற்றி வரும் பாம்பு



நெட்டப்பாக்கத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். மகனுக்கு வேலை கிடைக்க ஜெபிக்கச் சொல்லி ஒரு தாயார் வந்தார்கள். "தம்பி குடிக்கிறானாம்மா?" என்றேன். "ஐயையோ, இல்லீங்கய்யா. பீர் மட்டுந்தான்!" என்றார்கள்.

பீர் குடியில்லை என்று அந்தத் தாய்க்கு யார் சொல்லிக்கொடுத்தது? 8 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீர் பாட்டிலில், ஏறக்குறைய இரண்டு லார்ஜ் பிராந்தியின் ஆல்கஹால் இருக்கிறதே!

கேளுங்கள். 1929-ஆம் வருஷம், நியூயார்க் பட்டணத்தில் ஈஸ்டர் ஊர்வலம். பெண்கள் தெருவில் புகைப்பது வெட்கம் என்றிருந்த காலம். ஒரு சிகரெட் கம்பெனிக்காக வேலை செய்த எட்வர்ட் பெர்னேஸ் என்பவர், இளம்பெண்களை ஏற்பாடு பண்ணி அந்த ஊர்வலத்தில் சிகரெட் பற்றவைக்கச் செய்தார். அதற்கு வைத்த பெயர் என்ன? "சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்"! பத்திரிகைகள் அதைச் செய்தியாகவே போட்டன. கர்த்தர் உயிர்த்தெழுந்த நாளிலே நஞ்சுக்கு விடுதலை என்று பெயர்!

நம் தேசத்தில் என்ன? 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கே வில்ஸ் என்ற சிகரெட்டின் பெயர். டி.வி.யில் மது விளம்பரம் கூடாதென்று 2000-இல் விதி வந்தது. அதே பாட்டிலின் பெயர் சோடாவாக, குடிதண்ணீராக, பாட்டு கேசட்டாக வேஷம் போட்டு வந்தது. 2003-இல் புகையிலை விளம்பரத்துக்குத் தடைச் சட்டம். இப்போது ஏலக்காய் பாக்கெட்டில் சினிமா நட்சத்திரம் சிரிக்கிறார்.

தேவபிள்ளையே, ஏதேனில் சர்ப்பம் மரணத்தைச் சொல்லியா பழத்தை விற்றது? கண் திறக்கும், உயர்வு வரும் என்று ஆசை காட்டிற்று. முடிவில் மது பாம்பைப்போல் கடிக்கும் என்று நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறதே!

பிள்ளையின் கல்யாணத்தில், "ஒருநாள்தானே" என்று சிநேகிதருக்குச் சரக்கு வாங்கப் பணம் கொடுக்கிற விசுவாசியே, நீயும் சம்பளம் வாங்காத விளம்பரக்காரன்தான். இன்றே மனந்திரும்பு! பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசு. விடமுடியாமல் தவிக்கிறவனைத் திட்டாதே. ஜெபித்து, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போ.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாயார் முழங்காலிலே நின்று, "ஐயா, என் மகன் குடிக்கிறான். ஜெபியுங்க" என்றார்கள். பொய்ப்பெயர் விழுந்தது. விடுதலை அங்கேதான் ஆரம்பம். அல்லேலூயா!