துணிக்கூரை வண்டியும் திறந்த வானமும்

ஒரு பொருளை வாங்குவதற்கு ஒரு நாள் போதும். அதைக் காப்பதற்கு ஆண்டு முழுவதும் வேண்டும். வாங்கும் நாளில் பணம் உண்டா என்று எண்ணிப் பார்க்கிறோம். அதை வைக்க இடம் உண்டா, அந்த இடம் யாருடையது என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. இது வீட்டுக் கணக்குதானே, அறத்தோடு இதற்கென்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். குளிர் நாடுகளில் துணிக்கூரை பொருத்திய கார்கள் உண்டு. கோடையில் கூரையை மடக்கிவிட்டு வெயிலில் உலா வரலாம். ஆனால் கொட்டகை இல்லாதவருக்குப் பனிக்காலம் பெருங்கவலை. கூரைமேல் பனி குவிந்து துணியைத் தாழ்த்தும்; சாலையில் பனி உருகத் தூவும் உப்பு அடிப்பாகத்தை அரிக்கும். நம் சென்னையில் பனி இல்லை. ஆயினும் இங்கும் அதே கவலை வேறு உருவில் உண்டு. பழைய ஜீப்புகளின் தார்ப்பாய்க் கூரையை நாம் அறிவோம். 2020 அக்டோபரில் புதிய வடிவில் வந்த மகிந்திரா தார் வண்டியும் துணிக்கூரையோடு கிடைத்தது. மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளிலும், தியாகராய நகரின் குறுக்குத் தெருக்களிலும், அடையாற்றின் மரநிழல் சாலைகளிலும் வண்டிகள் திறந்த வானத்தின் கீழ்தான் நிற்கின்றன. ஒரு குடும்பம் வாழ்ந்த மனையில் இன்று எட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. தெருவின் அகலம் மட்டும் அன்றிருந்ததே.

நமக்குக் குளிர்காலம் என்பது மழைக்காலம். ஐப்பசி அடைமழை என்பது முன்னோர் சொல். சென்னையில் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த நாட்களில் துணிக்கூரை வண்டிக்கு நேர்வதைச் சற்று உற்று நோக்குவோம். ஈரத்தோடு மடக்கிய துணியில் பூஞ்சணம் பிடிக்கிறது. திறந்து மூடும் கூரையின் ஓரங்களில் நீர் வடியச் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். வேப்பிலைச் சருகு அவற்றை அடைத்துக்கொண்டால் மழைநீர் இருக்கையின் அடியில் தேங்குகிறது. சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்கிறது. மரத்தடியில் நிறுத்தினாலோ கிளை முறியும் அச்சம். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயலில் இந்நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை மறக்க முடியுமா?

அச்சத்தால் பலர் செய்வது ஒன்றுண்டு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையால் வண்டியை இறுக மூடிக் கட்டிவிடுகிறார்கள். அதனால் தீமையே விளைகிறது. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றித் துணியையும் இரும்பையும் ஒருங்கே கெடுக்கிறது. விவரம் அறிந்தவர்கள் காற்று ஊடாடும் உறையைப் போடுகிறார்கள். மழை விட்ட நாளில் அதையும் விலக்கி உலரவிடுகிறார்கள். வாரம் ஒரு முறையேனும் வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டி வருகிறார்கள். ஓடாத வண்டியின் பேட்டரி இறங்கிப்போகும். டயர் ஒரே பக்கம் அழுந்திக் கெடும். எலி வந்து மின்கம்பியைக் கடிக்கும். பாலைவனத்தில் மறுநாளுக்கென்று சேர்த்து வைத்த மன்னா புழுத்துப்போனதை விவிலியம் கூறுகிறது. இறுக மூடி வைத்தது கெடுகிறது. பயன்பட்டு வருவது நிலைக்கிறது. பொருளைக் காப்பதிலேயே இந்தப் பாடம் பொதிந்திருக்கிறது.

இனி, காப்பதற்கும் ஓர் எல்லை உண்டா என்ற வினாவுக்கு வருவோம். 2015 டிசம்பர் முதல் இரு நாட்களின் மழையை எண்ணிப் பாருங்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது. அடுக்குமாடிகளின் நிலவறைகளில் பத்திரமாக நிறுத்தப்பட்ட கார்களும் மூழ்கின. அந்த நினைவு இந்நகர மக்களின் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தின் இருமருங்கிலும் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன.

அவர்களை எளிதில் பழித்துவிட நமக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கி, மாதத் தவணை கட்டி, வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரின் வண்டி அது. நீரில் மூழ்கினால் அடுப்பு அணைந்துவிடும். அது மட்டுமன்று. ஒரு வண்டியில் சுரங்கத்தில் இரும்பு வெட்டியவர் முதல் இருக்கைத் துணியைத் தைத்தவர் வரை எத்தனையோ பேரின் உழைப்பு உறைந்திருக்கிறது. அதை அழியவிடுவது அந்த உழைப்பை அவமதிப்பதாகும். எனவே பொருளைப் பேணுதல் கடமையே.

ஆயினும் மேம்பாலம் ஊருக்குப் பொது. அதே இரவில் மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்சுக்கும் அதுவே வழி. என் பொருளின் பாதுகாப்பு பிறருடைய வழியை அடைக்கும்போது, கடமை என்று தொடங்கியது அநீதியாக முடிகிறது. தெருவும் அப்படியே. கூடையில் கீரை விற்கும் மூதாட்டி நடைபாதையில் நான்கு மணி நேரம் அமர்ந்தால் அது ஆக்கிரமிப்பு என்கிறோம். அவரைப் போன்றோருக்காக 2014-இல் சாலையோர வியாபாரிகள் சட்டம் என்று தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் அதே தெருவில் உறை போர்த்திய கார் மூன்று மாதம் அசையாமல் நின்றால் நம் கண்ணுக்கு அது உறுத்துவதில்லை. ஜப்பானில் 1962-இலேயே, கார் வைத்திருப்போர் அதை நிறுத்தச் சாலைக்கு வெளியே இடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். வாங்கும் முன்னரே இடத்தைப் பற்றிக் கேட்கும் அறம் அதில் இருக்கிறது.

புனித தோமா அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பொருளை ஈட்டுவதும் பேணுவதும் தனி மனிதனிடம் இருப்பது முறையே. தனக்குரியதையே ஒருவன் அக்கறையோடு பேணுவான். ஆனால் பயன்பாடு என்று வரும்போது அதைத் தனக்கே உரியதாக எண்ணாமல், தேவையில் இருப்பவரோடு பகிர ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் போதனை. நாம் பேணுவதை மட்டும் கற்றுக்கொண்டு, பகிர்வதை அடுத்த பிறவிக்காரர்களுக்கு விட்டுவிட்டோமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

நம் தமிழ் மரபோ இன்னும் துணிச்சலானது. பறம்பு மலைத் தலைவன் பாரி, பற்றிப் படரக் கொம்பின்றி வாடிய முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுச் சென்றான். பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான். ஒருவன் வண்டியைத் திறந்த வெளியில் விட்டான். மற்றவன் உறையைக் கழற்றிக் கொடுத்தான்! கொடிக்கு ஒரு குச்சி போதாதா, மயிலுக்கு எதற்குப் போர்வை என்று கேட்கலாம். புலவர்களும் அதை அறியாதவர்கள் அல்லர். கொடைமடம் என்றே அதற்குப் பெயரிட்டார்கள். ஆனால் அந்த மடமையில் ஒரு வரிசைமுறை இருக்கிறது. எதிரே நின்ற உயிரின் வாட்டம் முதலில் கண்ணில் பட்டது. தன் பொருளின் நினைவு அதற்குப் பின்னரே வந்தது.

நம் தெருக்களில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. மழையிரவில் காருக்கு உறை இருக்கிறது. அந்தக் காருக்குக் காவல் இருக்கும் முதியவர் கிழிந்த குடையின் கீழ் ஒடுங்கி அமர்ந்திருக்கிறார். காரின் உறையை உருவி அவருக்குப் போர்த்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கார் நனையாமல் இருக்கட்டும். ஆனால் துணியில் ஈரம் தங்கினால் கெடும் என்று அறிந்துகொண்ட அதே கண், அவர் சட்டையில் ஊறிய ஈரத்தையும் காண வேண்டாமா? உறைக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு பங்கு, அவருக்கு ஒரு மழைக்கோட்டும் ஒதுங்கியிருக்கக் கூரையிட்ட சிறு இடமும் தராதா? பொருளைப் பேணும் பழக்கம் மனிதரைப் பேணும் பயிற்சியாக வளர்ந்தால் அது புண்ணியம். பொருளோடே நின்றுவிட்டால் அது பற்றாகிவிடும்.

ஆகவே அன்பர்களே, ஐப்பசி பிறக்கும் முன்னர் நாம் ஒவ்வொருவரும் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். நம் பொருள் நிற்கும் இடம் யாருடைய வழியையேனும் அடைக்கிறதா? நாம் ஆண்டெல்லாம் மூடி வைத்திருப்பது யாருக்கேனும் ஒரு நாளாவது பயன்படுகிறதா? அதைக் காக்கும் கைகளை நாம் காக்கிறோமா? விடை எளிதாக வராவிட்டாலும் தாழ்வில்லை. மழை பெய்யும் இரவில் எழுந்து, உறையின் முடிச்சு இறுகியிருக்கிறதா என்று சன்னலைத் திறந்து பார்க்கும்போது, வாசலில் இருப்பவரையும் ஒரு முறை பார்ப்போம்.