கமராவும் சாட்சியமும்

கண்ணாற் கண்டவர் சொல்லைவிடக் கமரா காட்டும் படத்தையே நாம் பெரிதும் நம்புகிறோம். கருவிக்குச் சார்பில்லை என்பது நம் எண்ணம். அவ்வெண்ணம் சரியானதா?

2020 செப்டெம்பர் 9ஆம் நாள், காட்டுத்தீயின் புகையால் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வானம் செம்மஞ்சளாயிற்று. மக்கள் கைத்தொலைபேசியாற் படமெடுத்தபோதோ பலருக்குச் சாம்பல் நிற வானமே கிடைத்தது. ஒரு நிறம் மிகுந்திருப்பின் அதனைப் பிழையெனக் கொண்டு திருத்துமாறு அமைக்கப்பட்ட கருவி, பேரிடரின் அடையாளத்தையே திருத்திவிட்டது.

இது தொலைதூரத்துச் செய்தி மட்டுமன்று. 2018 மார்ச்சில் கண்டியை அடுத்த திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, கண்காணிப்புக் கமராக்களின் பதிவுகளும் சாட்சியங்களாயின. அத்தகைய பதிவுகளின் பெறுமதி பெரிது. ஆயின் இருள் சூழ்ந்ததும் கமராக்கள் பல, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ் ஒளிக்குத் தாமே மாறிவிடும். அப்போது நிறங்கள் மறையும். அவ்வொளியைத் தெறிக்கச் செய்யும் கறுப்புத் துணி வெண்மையாகவும் தோன்றும். தாக்கியவன் கறுப்புச் சட்டை அணிந்திருந்தான் என்று ஓர் ஏழைக் கடைக்காரர் சொல்ல, படத்திலே வெள்ளைச் சட்டை தெரியுமாயின், நாம் யாரைப் பொய்யர் என்போம்?

கமராவைக் கைவிடுக என்பதன்று நம் வாதம். வழக்கமானது எது என்று கருவிக்கு விதித்தவரும் மனிதரே. ஆகவே பாதிக்கப்பட்டவரை விசாரிப்பதுபோலப் படத்தையும் விசாரித்தல் வேண்டும். மாணவர்க்கு இதனைக் கற்பித்தல் ஆசிரியராகிய நம் கடன்.