நடுநாட்டுச் சாமிகளோடு எத்தனை உறவு!

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களின் சாமி கரியராமன். காஞ்சிபுரத்தில் இருப்புக் கொள்ளாமல் அவர் கிளம்பிவிட்டாராம். அவருடைய அடியாரான பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் குடும்பத்தோடு பின்னாலேயே புறப்பட்டார்களாம். சாமி குடிபெயர, அடியாரும் குடிபெயர்ந்த கதை இது.

சமவெளிக்கு இறங்கினால் உறவே வேறு. உளுந்தூர்பேட்டைப் பக்கம் திருநாவலூரில் பிறந்த சுந்தரர் சிவனோடு கொண்டது தோழமை. அது தொடங்கியதே ஒரு வழக்கில்தான். மணப்பந்தலில் ஓலையோடு நுழைந்த முதியவர், மாப்பிள்ளையைத் தன் அடிமை என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்கில் தோற்கிறார். வந்தவர் சிவன் என்று தெரிந்ததும், ஏசிய அந்தச் சொல்லையே முதலில் வைத்துப் பாடுகிறார். பிற்பாடு, ஊடிய மனைவி பரவையாரைச் சமாதானம் செய்ய அதே சிவனை நள்ளிரவில் தூது அனுப்புகிறார்! சைவ சித்தாந்தம் இந்தத் தோழமைக்குச் சகமார்க்கம் என்று பெயரிட்டு, தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சன்மார்க்கம் என்ற வரிசையில் சேர்த்துக்கொண்டது. வரிசை ஒழுங்காகத்தான் இருக்கிறது. சுந்தரர் வாழ்க்கை அவ்வளவு ஒழுங்கில்லை.

திருக்கோவிலூரில், மழை இரவில் ஓர் இடைகழியில் ஒதுங்கி நின்ற முதலாழ்வார் மூவருக்கும் நடுவே திருமால் நாலாவது ஆளாக வந்து நெருக்கினார் என்பது வைணவர் சொல்வது.

எந்த வரிசையிலும் அடங்காதது கூவாகம் ஊரில் அரவானோடு கொள்ளும் உறவு. வடமொழிப் பாரதத்தில் அர்ச்சுனன் மகன் இரவான், எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் மடிகிறான். தமிழ்நாட்டு அரவானோ போருக்கு முன்பே களப்பலி. சாகுமுன் கல்யாணம் கேட்கிறான். மறுநாள் தாலி அறுக்க எந்தப் பெண் சம்மதிப்பாள்? கண்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்டுகிறார். சித்திரைத் திருவிழாவில் பல மாநிலங்களிலிருந்து வரும் திருநங்கைகள், அரவான் கூத்தாண்டவராக இருக்கும் கோயிலில், மோகினியைப் போலவே, பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் ஓடி, அரவான் பலியானதும் தாலி அறுப்பு, வளையல் உடைப்பு, ஒப்பாரி. குளித்தபின் வெள்ளைச் சேலை.

ஆழ்வார்கள் சிலரும் திருமாலின் காதலியாகத் தங்களைப் பாவித்து, நாயகி பாவத்தில் உருகினார்கள். ஆனால் அவர்களுடைய தலைவன் சாகாதவன். பிரிந்தாலும் என்றாவது வருவான். கூவாகத்தில் சாமியே செத்துப்போகிறார், பக்தர் கைம்பெண்ணாகிறார்.

இதைத் திருநங்கைகளின் விழாவாக மட்டும் காட்டும் செய்திப் படங்கள் பாதியை விட்டுவிடுகின்றன. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து, நேர்ந்துகொண்ட ஆண்களும் வந்து அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அவர்களும் அறுக்கிறார்கள்.