காணாமை இன்மை ஆகுமா?

கொரோனா காலத்தில் நம் வீடுகளில் 'நெகட்டிவ் வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், அதன் பொருள் ஒன்றுதான்: நோய் இல்லை, பயம் வேண்டாம், பக்கத்தில் வந்து உட்காரலாம். பல ஆய்வகங்களின் அறிக்கையில் அச்சாகியிருந்ததோ வேறு சொல்: 'கண்டறியப்படவில்லை'. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. 'கண்டறியப்படவில்லை' என்பது தேடியவரைப் பற்றிய செய்தி. 'இல்லை' என்பது உலகத்தைப் பற்றிய செய்தி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் எப்போது தாங்கும், எப்போது முறியும் என்பது இந்தியத் தத்துவ மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதிக்கப்பட்ட கேள்வி. கொள்ளைநோய்க் காலத்தில் பரிசோதனைக்கூடங்கள் நாள்தோறும் எதிர்கொண்டதும் அதே கேள்விதான் என்பது என் வாதம். அறிக்கையில் இருக்கும் சொல்லைத் தயக்கம் என்றோ, வழக்குக்குப் பயந்த நழுவல் என்றோ படிப்பது தவறு. அறிவின் எல்லையைச் சரியாகக் குறிக்கும் சொல் அது.

மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் வரும் அளவைவாதி, அறிவுக்கான வழிகளை, அதாவது அளவைகளை, பத்தாக எண்ணும்போது அபாவம் எனப்படும் இன்மையையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறான். 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியாரும் அளவைகளின் வரிசையில் அபாவத்தைச் சொல்லிவிட்டு, எல்லாமே காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். பள்ளிப்பாடம் போல எல்லாரும் எடுத்தாளும் உதாரணம் ஒன்று உண்டு: தரையில் குடம் இல்லை. குடம் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கிறோமா, ஊகிக்கிறோமா, அல்லது அதை அறிய வேறொரு வழியே இருக்கிறதா? 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரிலபட்டர் அது தனி வழி என்றார். அதே நூற்றாண்டின் பௌத்தர் தர்மகீர்த்தி அது அனுமானமே என்றார். ஆனால் ஒரு நிபந்தனையில் இரு மரபுகளும் அருகருகே வந்து நிற்கின்றன: காணாமை இன்மைக்குச் சான்றாக வேண்டுமானால், அந்தப் பொருள் இருந்திருந்தால் தென்பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பதால் குடம் இல்லை என்று ஆகாது. பிசாசைக் காணவில்லை என்பதால் பிசாசு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் வகைப் பொருளே அல்ல. (பிசாசு உதாரணம் என் கற்பனையல்ல, பௌத்தத் தர்க்க நூல்களில் இருப்பது.)

இந்த நிபந்தனை ஆய்வகத்தில் வெறும் கருத்தாக இல்லை, குழாயில் ஊற்றி வைக்கப்பட்டிருக்கிறது. கொரோனாவுக்கான பல ஆர்டி-பிசிஆர் சோதனைகளில் வைரஸின் மரபணுவோடு சேர்த்து மனிதனின் மரபணு ஒன்றையும் தேடுவார்கள். பெரும்பாலும் அது ஆர்.என்.ஏஸ் பி என்ற மரபணு. அது நோயாளியின் செல்களில் எப்படியும் இருந்தாக வேண்டும். வைரஸும் தென்படவில்லை, மனித மரபணுவும் தென்படவில்லை என்றால், பஞ்சுக்குச்சி சரியாக மூக்கைத் தொடவில்லை, அல்லது பிரித்தெடுத்தலில் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். அப்போது முடிவு 'கண்டறியப்படவில்லை'கூட அல்ல, 'செல்லாது'. மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடம் இல்லை என்று சொல்கிறார்கள். அதேபோல ஒவ்வொரு சோதனைத் தட்டிலும் ஒரு குழியில் நோயாளியின் மாதிரி எதுவும் சேர்க்காமல் சுத்தமான நீரை வைப்பார்கள். அங்கே ஒன்றும் தென்படக் கூடாது. தென்பட்டால், இல்லாததைக் காட்டுகிற கண்ணாகிவிட்டது அந்தக் கருவி.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நெருக்கடியில் இந்த ஆசாரமெல்லாம் ஆடம்பரம் அல்லவா? 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநில ஆய்வகங்களுக்கு அனுப்பிய சோதனைப் பெட்டிகளில், பல இடங்களில், வெறும் நீரே வைரஸ் இருப்பதாகக் காட்டியது. சோதனை தேடிய மூன்று மரபணு இலக்குகளில் மூன்றாவது பழுது. ஆய்வகங்கள் சோதனையை நிறுத்தின, மாதிரிகள் அட்லாண்டாவிலுள்ள அந்த மையத்துக்கே போய்ச் சேர வேண்டியிருந்தது, வாரங்கள் கழிந்தன, அதற்குள் கிருமி பரவியது. குறையுள்ள சோதனையாவது நடந்திருந்தால் நல்லதல்லவா என்று கேட்பவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது இலக்கை விட்டுவிட்டு மற்ற இரண்டை வைத்துச் சோதிக்கலாம் என்று மாத இறுதியில் அனுமதி வந்தது. எந்தக் கண் பொய் சொல்கிறது என்று காட்டிக்கொடுத்ததே அந்த நீர்க்குழிதான். தாமதத்துக்குக் காரணம் வேறு: அரசின் ஒரே சோதனையைத்தான் எல்லாரும் நம்பியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. பிப்ரவரி 29 அன்று அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. சோதனையைச் சோதிப்பதால் நேரம் போனதாகத் தோன்றும் இடங்களில், பெரும்பாலும் நேரத்தைத் தின்றது நிர்வாகமே.

வேகம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருளல்ல. ஒரு வாரம் கழித்து வரும் துல்லியமான முடிவைவிட அரைமணியில் வரும் சுமாரான முடிவு பல நேரம் அதிகம் பயன்படும். 2020 ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விரைவு ஆன்டிஜென் சோதனையை அனுமதித்தபோது ஒரு விதி சேர்த்தது: அறிகுறி உள்ளவருக்குப் பாசிட்டிவ் வந்தால் ஏற்றுக்கொள், நெகட்டிவ் வந்தால் ஆர்டி-பிசிஆர் செய். அதாவது 'உண்டு' என்று அந்தக் கருவி சொன்னால் நம்பு, 'இல்லை' என்று சொன்னால் நம்பாதே. ஒரே சாட்சியின் இரண்டு சொற்களுக்கு இரண்டு மதிப்பு. தர்மகீர்த்தி படித்திருந்தால் தலையசைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அறிவுக்கும் செயலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அந்த விதி காப்பாற்றியது: சந்தேகத்தோடே செயல்படலாம், ஆனால் சந்தேகத்தை உறுதி என்று பெயர் மாற்ற வேண்டாம். காலமும் இதில் ஒரு நிபந்தனைதான். எபோலாவில் அறிகுறி தொடங்கிய முதல் மூன்று நாள்களில் எடுத்த ரத்தத்தில் வைரஸ் தென்படாமல் போகலாம் என்பதால், இன்னொரு முறை சோதிக்காமல் நோயாளியை விடுவிக்க மாட்டார்கள். கணக்கும் ஒன்று இருக்கிறது. நூறு நோயாளிகளில் 80 பேரைப் பிடிக்கும், நோயற்ற நூறு பேரில் 99 பேரைச் சரியாக விடும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நோய் 1 சதவீதம் பேருக்கு இருக்கும் ஊரில் ஆயிரம் பேரைச் சோதித்தால், 'இல்லை' என்று பெயர் வாங்கிய சுமார் 982 பேரில் இரண்டு பேருக்குத்தான் நோய் ஒளிந்திருக்கும். 30 சதவீதம் பேருக்கு நோய் இருக்கும் வார்டில், 'இல்லை' வாங்கிய 753 பேரில் 60 பேருக்கு நோய் உண்டு. அதே கருவி, அதே தாள், அதே சொல். ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மாதிரி எந்த ஊரிலிருந்து வந்தது, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பது பல நேரம் தெரியாது. தெரியாதவர் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'என் கண்ணில் படவில்லை' என்று சொல்லலாம்.

தத்துவம் படித்தவர் இன்னொரு ஆட்சேபம் எழுப்புவார். விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் கண்ணை யார் பார்ப்பது? கன்ட்ரோலுக்கு (சோதனையைச் சோதிக்கும் ஏற்பாட்டுக்கு) ஒரு கன்ட்ரோல், அதற்கு இன்னொன்று என்று இது முடிவில்லாமல் போகாதா? மீமாம்சகர்கள் இதற்குச் சொன்ன விடை: அறிவு தன்னளவிலேயே செல்லும், மறுக்கப்படும்வரை. நையாயிகர்களின் (நியாயத் தத்துவ மரபினரின்) விடை வேறு: அறிவின் செல்லுபடி வெளியிலிருந்து, செயலில் இறங்கிப் பார்க்கும்போது தெரியும், தண்ணீர் என்று கண்டது தாகம் தீர்த்தால் அது தண்ணீர். ஆய்வகம் இரண்டையும் கலந்தே வாழ்கிறது. அன்றாடம் தன் கருவியை நம்புகிறது. ஆனால் அவ்வப்போது வெளியிலிருந்து, விடை மறைக்கப்பட்ட மாதிரிகளை வாங்கித் தன்னைத் தேர்வுக்கு உட்படுத்திக்கொள்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நாட்டின் ஆய்வகங்களுக்கு இப்படித் தேர்வு வைக்கும் பணியை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. இந்த வெளிப்பார்வை ஏன் வேண்டும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். 2021 செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதிவரை, வுல்வர்ஹாம்ப்டனில் இருந்த ஒரு தனியார் ஆய்வகம் சுமார் 39,000 பரிசோதனைகளில் தவறாக 'இல்லை' என்று சொன்னது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் எல்லையைத் தவறாக அமைத்ததே காரணம் என்று பின்னர் விசாரணை சொன்னது. தவறைக் காட்டிக்கொடுத்தது உயர்தரக் கருவியல்ல. வீட்டில் செய்த மலிவான விரைவுச் சோதனையில் பாசிட்டிவ் வந்தவர்கள், பிசிஆரில் வரிசையாக நெகட்டிவ் ஆனார்கள். தென்மேற்கு இங்கிலாந்தில் அந்த முரண் கவனத்துக்கு வந்தது. தாழ்ந்த அளவை உயர்ந்த அளவையைத் திருத்தியது. அளவைகளுக்குள் நிரந்தரமான மேல்கீழ் வரிசை போடுகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

எல்லா நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகும் மிச்சமாக ஒன்று இருக்கிறது: தேடியது எதை? பிசிஆர் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். 1998இல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிச் சோதித்தார்கள். சிலரிடம் அதற்கான அடையாளம் கிடைக்கவும் செய்தது. கொசுவை ஒழிக்கப் புகை போட்டார்கள். 1999 மார்ச்சில்தான் நிபா என்ற புதிய வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 2001 ஜனவரி, பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் காய்ச்சலும் நினைவு தடுமாற்றமுமாகப் பலர் இறந்தார்கள். அப்போது நடந்த சோதனைகளில் எந்தக் கிருமியும் அகப்படவில்லை. எல்லையை அடுத்த வங்கதேசத்தில் நிபா தென்பட்ட பிறகு, பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்து, இந்த முறை நிபாவைக் குறித்துக் கேட்டார்கள். 18 நோயாளிகளில் ஒன்பது பேரின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. ஐந்து பேரின் சிறுநீரில் வைரஸின் மரபணுவே இருந்தது. அந்த முடிவு 2006இல் வெளியானது. சிலிகுரி மாதிரிகளில் நிபா முதல் நாளிலிருந்தே இருந்தது.