அயல் வீட்டின் பசி

அண்டை வீட்டார் அல்லற்படுங்கால் நாம் செய்யும் உதவி, அவர்களைச் சிறியராக்காமல் சென்று சேர்வது எங்ஙனம்? இக்கேள்விக்குக் கூரத்தாழ்வான் திருமாளிகையிலே விடை கிடைக்கிறது.

கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்த ஆழ்வான், அனைத்தையும் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியால் காலம் கழித்தார். ஒருநாள் விடாமழை, வெளியே எழுந்தருள இயலாமல் பட்டினியாயிருந்தார். இரவில் கோயில் மணியோசை கேட்டது. அடியார் பசித்திருக்கப் பெருமாள் அமுது செய்கிறாரே என்று ஆண்டாள் நெஞ்சம் நொந்தது. உடனே அரங்கன் நியமனப்படி, உத்தமநம்பி கோயில் மரியாதைகளோடு பிரசாதம் ஏந்தி வாசலில் வந்து நின்றார். ஆழ்வானோ 2 திரளை மட்டுமே ஏற்றார்.

இங்கே கேட்டவர் எவருமில்லை. வந்தது பிச்சையாக அன்று, பிரசாதமாக வந்தது. கொணர்ந்தவர்க்கு ‘நான் கொடுத்தேன்’ என்னும் செருக்குக்கு இடமில்லை. பெற்றவர்க்கு நாணத்துக்கும் இடமில்லை.

‘எம்பெருமான் எல்லாம் அறிபவன், நாம் எப்படி அறிவோம்?’ எனலாம். ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்பவர்க்கு அடுத்த வீட்டில் அடுப்பெரியாதது தெரியாதா? ‘கேட்டால் செய்வோம்’ என்று காத்திருக்கிறோம். துன்பத்தில் மிகக் கடினமானது கேட்பதுதான்.

பிறர் துயர் கண்டு ‘ஐயோ’ என்று இரங்கும் நெஞ்சே பகவத் ஸம்பந்தத்துக்கு அடையாளம் என்பது நஞ்சீயர் திருவுள்ளம். அவ்விரக்கம் நெஞ்சோடு நில்லாமல், மழையில் நனைந்தேனும் அயல்வாசல் வரை நடக்கட்டும். கொடுப்பவன் அவனே, ஏந்திச் செல்லும் கைகளே நம்முடையவை.