வரி வாங்காத திருவிழா

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழான்னா முதலில் வரிதான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துத்தான் பந்தல், கரகாட்டம், நாடகம் எல்லாம். வரி கொடுத்தவர் நாடகம் சரியில்லைன்னா சத்தம் போடலாம், கணக்கும் கேட்கலாம். ஆனால் யாரிடம் வரி வாங்குவதில்லை என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. இம்மாவட்டத்து இறையூரில் தலித் மக்களை 2022 டிசம்பரில் ஆட்சியரே அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டியிருந்தது.

சில வாரங்களில், 2023 பொங்கலுக்கு, ‘சென்னை சங்கமம்’ மறுபடி வந்தது. பூங்காக்களிலும் மைதானங்களிலும் பறை, கரகம், ஒயிலாட்டம். எந்தத் தெருக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. இது சின்ன விஷயமில்லை. ஆனால் அங்கே நாம் எல்லாரும் விருந்தாளிகள் மட்டுமே. 2007இல் தொடங்கிய அந்த விழா, 2011இல் ஆட்சி மாறியதும் நின்றது. பார்த்து ரசித்த கூட்டத்தால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

அப்போ எது நல்ல திருவிழா? எல்லாரையும் உள்ளே விட்டால் போதாது, எல்லாரிடமும் வரி வாங்கணும். பத்து ரூபாயானாலும் சரி. பறையடிக்கிறவர் தெருவிலும் வாங்கணும். யார் ஆடுவது, எந்தத் தெருவில் ஆடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடணும். ஆட அழைப்பது எளிது. கணக்குக் கேட்க அழைக்க நமக்கு மனசு வருமா?