ஏலியின் வீடும் சாமுவேலின் வீடும்

ஏலியின் குமாரர் ஓப்னியும் பினெகாசும் கர்த்தரின் காணிக்கையை அவமதித்தார்கள். தகப்பன் கண்டித்துப் பேசினார். ஆனால் அவர்களைத் தடுக்கவில்லை. அவ்வீட்டின்மேல் வரும் நியாயத்தீர்ப்பை ஏலிக்கு அறிவித்தவன் சிறுவனாகிய சாமுவேல் (1 சாமுவேல் 3).

அந்தச் சாமுவேல் முதிர்வயதானபோது, அவருடைய குமாரர் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவிலே நியாயாதிபதிகளாயிருந்து பரிதானம் வாங்கினார்கள் (1 சாமுவேல் 8). தாம் எவர் கையிலாவது பரிதானம் வாங்கியதுண்டோ என்று சாமுவேல் இஸ்ரவேலர் முன் நின்று கேட்டபோதோ, ஒருவரும் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை (1 சாமுவேல் 12). தகப்பனின் கைகள் சுத்தம்; பிள்ளைகளின் கைகளிலோ கறை!

வேதம் இதற்காகச் சாமுவேலைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் ஒன்று விளங்குகிறது: பக்தி, பிதுரார்ஜிதச் சொத்தைப்போல் தானாய்ப் பிள்ளைகளைச் சேருவதில்லை.

பிரியமான பெற்றோரே, கர்த்தருடைய பந்திக்கு வருமுன் தன்னைத்தான் சோதித்தறியும்படி பவுல் போதிக்கிறார். “என் கைகள் சுத்தமா?” என்பதோடு அச்சோதனை முடிந்துவிடலாகாது. பிள்ளையின் தவற்றைக் கண்டும் வார்த்தையோடு நின்றுவிட்டேனா? ஊருக்கு நீதி சொல்லும் நான் பிள்ளையோடு அமர்ந்து ஜெபித்தது எப்பொழுது?

பிள்ளை வழிவிலகிப்போனதென்று கலங்கும் இருதயமும் உண்டு. தம் சொல்லைத் தள்ளிய ஜனங்களுக்காக வேண்டிக்கொள்ளாதிருப்பதையே பாவமென்று எண்ணினவர் சாமுவேல். சொல்லத் தவறியதை இன்று அன்போடு சொல்லுங்கள்; ஜெபத்தை மட்டும் நிறுத்தாதிருங்கள்.